பன்னிரண்டு பெயர்களும் ஒரு நன்றியுரையும்

கலைமணி ஒன்பதாவது ஆட்டத்துக்கும் செய்தி எழுதி அனுப்பினாள். ஒன்பதாவது தடவையும் ஒரு வரி வரவில்லை. நாமக்கல், சேலம் செய்தியாளர்கள் பதினோரு பேருக்கு வாட்ஸ்அப்பில் போட்டிருந்தாள். பதினோரு பேரும் பார்த்துவிட்டார்கள் என்று நீல டிக் விழுந்து சாட்சி சொன்னது. மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டு பேப்பர் கடையில் நின்று ஒவ்வொன்றாகப் புரட்டினாள். முட்டை விலை வந்திருந்தது. டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் ஜெயித்த பையன்கள் கால் பக்கத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கிணற்றில் விழுந்த எருமை ஒன்றைத் தீயணைப்பு வீரர்கள் மீட்ட செய்தி போட்டோவோடு வந்திருந்தது. எருமையின் மேல் கலைமணிக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அது ஒரே ஒரு தடவைதான் கிணற்றில் விழுந்திருந்தது; இவளுடைய பெண்கள் ஒன்பது ஆட்டத்தில் ஏழு ஜெயித்திருந்தார்கள்.

இவளுடைய பெண்கள் என்றால் பெற்ற பெண்கள் அல்ல. நாமக்கல் ஃபால்கன்ஸ் என்ற மகளிர் கூடைப்பந்து அணியின் பன்னிரண்டு ஆட்டக்காரிகள். தென்மாநில மகளிர் லீக் தொடங்கி இது இரண்டாவது வருடம். ஆறு ஊர், ஆறு அணி. மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுவதையே வேலையாகச் செய்யும் பெண்கள். ஃபால்கன் என்றால் வல்லூறு என்று எத்தனை பேருக்கு விளக்கிச் சொன்னாலும், கோழிப்பண்ணை ஊரில் 'கோழி டீம்' என்ற பெயர்தான் நிலைத்தது. கலைமணி அந்த அணியின் மேலாளர். பஸ் பிடிப்பது, சாப்பாட்டுக்குச் சொல்வது, கணுக்காலுக்கு டேப் சுற்றுவது, கடைசியில் செய்தி எழுதுவது வரை எல்லாம் அவள் தலையில். வயது நாற்பத்து மூன்று. பதினான்கு வருடம் மாநிலத்துக்காக ஆடியவள். அந்தக் காலத்தில் லீக்கும் கிடையாது, சம்பளமும் கிடையாது. இப்போது இரண்டும் வந்துவிட்டன, பார்க்கத்தான் ஆளில்லை. டிவிக்காரர்கள் எட்டிப் பார்ப்பதில்லை. யாரோ ஒருவர் செல்போனைக் கம்பத்தில் கட்டி யூடியூபில் விடுவார்; அது பாதி நேரம் கோர்ட்டை விட்டுவிட்டுக் கூரை ஃபேனைக் காட்டும்.

அணியின் உரிமையாளர் அர்த்தநாரி திருச்செங்கோட்டுக்காரர். ரிக் தொழில். ஆந்திரா, கர்நாடகா என்று அவருடைய போர்வெல் வண்டிகள் போகாத காடு இல்லை. மனிதருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. குழிக்குள் இறங்கும் ராடுகளைத் தோட்டத்துச் சொந்தக்காரரையே ஒவ்வொன்றாக எண்ணச் சொல்லுவார். முந்நூறு அடி என்றால் முந்நூறு அடிதான். தண்ணீர் வராவிட்டால், "தூசிதானுங்க வருது" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்புவார். அடியைக் கூட்டிச் சொன்ன டிரில்லர் ஒருவரை, கூலியைக் கையில் கொடுத்து நடுரோட்டில் இறக்கிவிட்டார் என்று தொழிலில் ஒரு பேச்சு உண்டு.

போன மாதம் அவர் கலைமணியை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"அம்மிணி, ரெண்டு வருசமா டீம் நடத்தறோம். என்ற பார்ட்னருங்க ரெண்டு பேரும் கேக்கறாங்க, 'நம்ம டீம்ல ஆடறது ஆருன்னு இந்த ஊருல ஒருத்தனுக்காச்சும் தெரியுமா?'ன்னு. என்றகிட்டப் பதில் இல்லீங்க."

"நாங்க நல்லா ஆடறமுங்ணா. பாயிண்டு டேபிள்ல ரெண்டாவது எடம்."

"நீங்க ஆடறீங்க. நான் இல்லைன்னு சொல்லுலியே. ஆனா பேரு தெரியாத புள்ளைங்களுக்காக எத்தனை நாளைக்குப் பார்ட்னருங்ககிட்ட மல்லுக்கட்ட முடியும்? சீசன் முடியறதுக்குள்ள இந்தப் புள்ளைங்க பேரு ஒருக்கா பேப்பர்ல வந்துருச்சுன்னா, அதைக் காட்டி நான் பேசிக்கறேன். வராட்டி அடுத்த வருசம் டீம் இல்லீங்க அம்மிணி. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று கலைமணிக்குத் தோன்றியது. ஒரு போர்க்குழியில் தண்ணீர் இல்லை என்று சொல்வது போல அமைதியாகச் சொன்னார். பன்னிரண்டு பேருடைய பிழைப்பு ஒரு பேப்பர் துண்டில் வந்து நின்றது. அன்று இரவே பெண்களிடமும் சொல்லிவிட்டாள்.

அரையிறுதியில் ஜெயித்தபோது விடிவு காலம் வந்ததாக நினைத்தாள். நாமக்கல்லில் ஒரு மண்டபத்தில் பாராட்டு விழா ஏற்பாடானது. கூடைப்பந்துச் சங்கத் தலைவர், துணைத் தலைவர்கள், நகைக்கடைக்காரர், பள்ளித் தாளாளர் என்று மேடையில் பதினோரு பேர். அதனால் செய்தியாளர் நவீன்குமாரும் வந்தார். கலைமணி பன்னிரண்டு பெயரையும் அழகாகத் தாளில் எழுதி அவர் கையிலேயே கொடுத்தாள். மறுநாள் பேப்பரில் மூன்று பத்திச் செய்தி. படமும் உண்டு. பதினோரு பேரும் வரிசையாக நின்று ஒரே பந்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டக்காரிகள் அவர்களுக்குப் பின்னால் மறைந்துபோயிருந்தார்கள். ரஞ்சிதா ஆறடி உயரம் என்பதால் அவளுடைய நெற்றி மட்டும் தப்பியது.

விடுதியில் பெண்கள் அந்தச் செய்தியை நடுவில் போட்டுச் சுற்றி உட்கார்ந்து படித்தார்கள். தலைமை வகித்தவர், முன்னிலை வகித்தவர்கள், குத்துவிளக்கு ஏற்றியவர், வாழ்த்தியவர்கள், நன்றி சொன்னவர் என்று எல்லாப் பெயரும் இனிஷியலோடு இருந்தன. கடைசி வரியில் 'வீராங்கனைகள் உள்படப் பலர் கலந்துகொண்டனர்' என்றிருந்தது.

"பலர்ல நான் எத்தனாவதுங்க்கா?" என்று கேட்டாள் அனிதா. அணியின் கேப்டன், மேச்சேரிக்காரி. அவளுடைய அப்பா ஆட்டுப்பட்டி வைத்திருப்பவர். செம்மறிக் கிடாய்க்குப் பரிசு கிடைத்தபோது அவருடைய படம் பேப்பரில் வந்தது. அந்தப் படத்தில் கிடாயின் பெயரும் இருந்தது என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாள்.

அர்த்தநாரியிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "பாத்தேனுங்க அம்மிணி. இதுல புள்ளைங்க பேரு எங்கீங்க? நான் முன்னிலை வகிச்சேன்னு வேற போட்டிருக்குது. நான் கடைசி வரிசையில உக்காந்து முறுக்குத் தின்னுட்டிருந்தேன். இப்படியா பொய் எழுதறது?"

கலைமணி நவீன்குமாரைப் போனில் பிடித்தாள். அவர் ஆத்தூர்ப் பக்கத்து ஆள், முப்பது வயதிருக்கும். நல்ல மனிதர்தான்.

"பேரெல்லாம் எழுதிக் குடுத்தேனே தம்பி, எங்க போச்சு?"

"நான் அனுப்பினேன் அக்கா. டெஸ்க்ல வெட்டிட்டாங்க. விளையாட்டுன்னு போட்டா அது சென்னைக்குப் போயிடும். அங்க பெண்கள் கூடைப்பந்துன்னாலே இடமில்லன்னு வந்துடும். மாவட்டப் பக்கத்துல விழாதான் போடுவாங்க."

"எந்த விழாவா இருந்தாலுமா?"

"எதுவா இருந்தாலும். தலைமை யாரு, முன்னிலை யாரு, தொடங்கி வெச்சது யாரு, வாழ்த்துனது யாரு, நன்றி சொன்னது யாரு. இந்த அஞ்சும் இருந்தா கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுடுவாங்க. விஷயத்தை யாரும் படிக்க மாட்டாங்க அக்கா. பேரை மட்டும் எழுத்துக்கூட்டிப் பார்ப்பாங்க, விட்டுப்போனா ஆளுங்க சண்டைக்கு வந்துடுவாங்கன்னு."

கலைமணி போனை வைத்துவிட்டு, அந்த ஐந்தையும் ஸ்கோர் ஷீட்டின் ஓரத்தில் ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தாள். பதினான்கு வருடம் எதிராளியின் தடுப்பில் எங்கே ஓட்டை என்று பார்த்துப் பழகிய கண் அது.

இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சேலம் அஸ்தம்பட்டியில் ஓர் உள்விளையாட்டு அரங்கில் நடந்தது. எதிரணி மைசூர். அர்த்தநாரி வரவில்லை, ஆந்திராவில் அனந்தப்பூரில் ஒரு ரிக்கின் ராடு குழிக்குள் மாட்டிக்கொண்டதால் அங்கே போயிருந்தார். அரங்கில் ஆயிரம் பேர் உட்காரலாம், நூற்றைம்பது பேர் இருந்தார்கள். அதில் பாதிப் பேர் ஆட்டக்காரிகளின் சொந்தக்காரர்கள், முன்வரிசையில் சங்கத் தலைவரும் துணைத் தலைவர்களும். செய்தியாளர் மேஜை என்று எழுதி வைத்திருந்த மேஜையில் யாரோ டிபன் பாக்ஸ் வைத்திருந்தார்கள்.

ஆனால் ஆட்டம்! அந்த ஆட்டத்தைப் பார்க்காதவர்கள் கொடுத்து வைக்காதவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். முதல் பாதியில் மைசூர் பதினொரு புள்ளி முன்னால் போய்விட்டது. இடைவேளையில் அனிதா எல்லோரையும் வட்டமாக நிறுத்தி ஒரே வார்த்தை சொன்னாள்: "ஓடுங்கடி." அதற்குப் பிறகு ஓடினார்கள் பாருங்கள், அது ஓட்டம். ஜேடர்பாளையம் மைதிலி ஐந்தடி இரண்டங்குலம்தான். மைசூர்க்காரிகளின் கைக்கடியில் புகுந்து பந்தைத் தட்டிக்கொண்டு வந்துவிடுவாள். ரஞ்சிதா கூடைக்கு அடியில் மலைபோல நின்றாள். எகிறி வந்த பந்து ஒன்றுகூட அவளைத் தாண்டவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த சென்னியம்மாள், அணியின் பன்னிரண்டாவது ஆள், இந்த வருடம் ஒரு நிமிடம்கூட ஆடாதவள், தொண்டை கிழியக் கத்தினாள். நாற்பது விநாடி மிச்சமிருக்கையில் கணக்கு ஐம்பத்தெட்டுக்கு ஐம்பத்தெட்டு. அனிதா இடது ஓரத்தில் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று பந்தை வாங்கினாள். எதிராளி முகத்துக்கு நேரே கையை நீட்டிக்கொண்டு வந்தாள். அனிதா எம்பி எறிந்த பந்து வளையத்தைக்கூடத் தொடாமல் வலையில் இறங்கியது. அறுபத்தொன்றுக்கு ஐம்பத்தெட்டு. மிச்ச விநாடிகளில் மைசூருக்கு ஒரு கூடையும் விழவில்லை. கோப்பை நாமக்கல்லுக்கு.

கலைமணி கத்தவில்லை. கையிலிருந்த ஸ்கோர் ஷீட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். இவர்களுடைய பெயர் நாளைக்கு வராவிட்டால் இந்தப் பேப்பர்கள் எல்லாம் எதற்கு அச்சாகின்றன என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. பெண்கள் கோப்பையோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், காலியாகிவிட்ட கேலரியில் உட்கார்ந்து போனில் தட்டெழுதினாள். மாவட்டப் பக்கம் ஏழு மணிக்கு முடிந்துவிடும். ஆறு மணிக்குள் நவீன்குமாருக்குப் போய்விட்டது.

திங்கட்கிழமை காலை செய்தி வந்தது. ஒரு எழுத்து வெட்டாமல் வந்தது.

'சேலத்தில் கூடைப்பந்து வெற்றி விழா' என்று தலைப்பு. 'சேலம் அஸ்தம்பட்டியில் தென்மாநில மகளிர் கூடைப்பந்து வெற்றி விழா நேற்று நடைபெற்றது. மேச்சேரி அனிதா தலைமை வகித்தார். ஜேடர்பாளையம் மைதிலி முன்னிலை வகித்தார். ரஞ்சிதா முதல் கூடையைப் போட்டுத் தொடங்கி வைத்தார்' என்று நிமிர்ந்து நடந்தது செய்தி. நடுவில் எட்டுப் பேர் ஊர் பெயரோடு கருத்துரை வழங்கினார்கள். யார் எத்தனை புள்ளி என்பதுதான் அந்தக் கருத்து. 'சென்னியம்மாள் வாழ்த்திப் பேசினார். நாமக்கல் அணி 61-58 என்ற கணக்கில் மைசூர் அணியை வென்று கோப்பையைக் கைப்பற்றியது. சங்கத் தலைவர், துணைத் தலைவர்கள் உள்படப் பலர் கலந்துகொண்டனர்.'

விடுதியே அதிர்ந்தது. ரஞ்சிதா செய்தியைச் சத்தமாகப் படிக்க, பெயர் வர வர அந்தந்தப் பெண் எழுந்து மேடைப் பேச்சாளர் மாதிரி கும்பிட்டாள். மைதிலி 'முன்னிலை மைதிலி' என்று வாட்ஸ்அப்பில் பெயரையே மாற்றிவிட்டாள். அனிதாவின் அப்பா மேச்சேரியிலிருந்து கூப்பிட்டு, சந்தையில் நாலு பேர் தன்னை நிறுத்தி விசாரித்தார்கள் என்று சொன்னார். துணைத் தலைவர் ஒருவரும் கலைமணியைக் கூப்பிட்டு, "என்ற பேரை எப்படீங்க விட்டாங்க?" என்று கேட்டார்.

"பலர்ல இருக்கறீங்களே சார்" என்றாள் கலைமணி. இந்த வருடத்தில் அவள் மனமார ரசித்துச் சொன்ன வாக்கியம் அதுதான்.

அதற்குப் பிறகுதான் கடைசி வரியைப் பார்த்தாள். 'முடிவில், அணி உரிமையாளர் அர்த்தநாரி நன்றி கூறினார்.'

அதை எழுதியது அவள்தான். யோசித்து எழுதவில்லை. நன்றி இல்லாமல் விழாச் செய்தி முடியாது என்று கை தானாக எழுதிவிட்டது. மற்ற வரிகளுக்கெல்லாம் அவளால் பதில் சொல்ல முடியும்; ஆடினார்கள், ஜெயித்தார்கள், கத்தினார்கள். இது மட்டும் சுத்தப் பொய். சேலத்தில் நன்றி சொன்னதாக அச்சாகியிருக்கும் மனிதர் அந்த நேரத்தில் அனந்தப்பூரில் சேற்றில் நின்றுகொண்டிருந்தார். அதுவும் யார்? முறுக்குத் தின்றவரை முன்னிலை வகித்தார் என்று எழுதியதற்கே பொறுக்காதவர்.

ஒன்பது மணிக்கு அவரே கூப்பிட்டார்.

"அம்மிணி, பேப்பரு போன்ல பாத்தேன்."

"அண்ணா, அது வந்துங்க..."

"பொறகு பேசிக்கலாமுங்க. கெளம்பிட்டேன். சாயங்காலம் நாலு மணிக்குப் புள்ளைங்களை எல்லாம் கோர்ட்டுல நிக்கச் சொல்லுங்க. பார்ட்னருங்களும் வாராங்க. ஆரும் ஊட்டுக்குப் போயிரோண்டாம்."

அவ்வளவுதான், வைத்துவிட்டார். கலைமணிக்குப் பெண்களிடம் விஷயத்தைச் சொல்ல மனம் வரவில்லை. முதல் தடவையாகத் தங்கள் பெயரைப் பேப்பரில் பார்த்தவர்களிடம் எப்படிச் சொல்வது? பெயரைக் கொண்டுவந்து சேர்த்ததும் இந்தக் கைதான், கடைசி வரியில் எல்லாவற்றையும் கவிழ்த்ததும் இந்தக் கைதான்.

நாலு மணிக்கு ஜீப் வந்தது. அர்த்தநாரியின் வேட்டி முழங்கால் வரைக்கும் செம்மண் காய்ந்து ஒட்டியிருந்தது. நேராக ஆந்திராவிலிருந்து வந்திருக்கிறார். கூடவே பார்ட்னர்கள் பூபதியும் சின்னுசாமியும். இருவரும் இதுவரை ஒரு ஆட்டத்துக்கும் வராதவர்கள். அர்த்தநாரி கோர்ட்டின் கோட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றினார். மடித்த பேப்பரைக் கக்கத்திலிருந்து எடுத்தார்.

"இதை எழுதுனது ஆருங்க அம்மிணி?"

"நான்தானுங்ணா."

"நேத்து சேலத்துல நான் நன்றி சொன்னேன்னு இருக்குது."

"தப்புத்தானுங்ணா. பழக்க தோசத்துல கை எழுதிருச்சு. எது செஞ்சாலும் என்னைச் செய்யுங்க, புள்ளைங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க. அவிய ஆடுனது அத்தனையும் நெசம்."

பெண்களுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. அனிதாவின் கையிலிருந்த பந்து நழுவி உருண்டு போனது. யாரும் எடுக்கவில்லை.

"என்ற பேருல இன்னைக்கு வரைக்கும் ஒரு பொய் அச்சானதில்லீங்க" என்றார் அர்த்தநாரி. "போன வாரம் அந்த முன்னிலை, இப்ப இது. வண்டியில வரும்போதெல்லாம் ரோசனைதான். பேப்பர்க்காரங்களைக் கூப்பிட்டு மறுப்புப் போடச் சொல்லலாமான்னு பாத்தேன். அப்பறந்தான் தோணுச்சு. சொல்லாததைச் சொன்னதா எழுதிட்டாங்க, சரி. நான் சொல்லியிருக்கோணுமா இல்லையா? ரெண்டு வருசமா இந்தப் புள்ளைங்க எனக்காக ஆடறாங்க. நான் ஒருக்காச்சும் சொன்னேனா?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பேப்பரை விரித்துப் பிடித்து, ராடு எண்ணும் நிதானத்தோடு முதல் பெயரைப் படித்தார்.

"மேச்சேரி அனிதா."

அனிதா முன்னால் வந்தாள். அவர் பேப்பரை இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் கூப்பி, வீட்டுப் பிள்ளையைச் செல்லமாக அழைப்பது போலச் சொன்னார்: "நன்றிங்க சாமி." அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அவளும் கும்பிட்டாள். சின்னுசாமி எட்டிப் பார்த்து, "இந்தப் புள்ளைதான் கடைசீல போட்டதா?" என்று பூபதியிடம் கேட்டார்.

"ஜேடர்பாளையம் மைதிலி." வந்தாள். "நன்றிங்க சாமி." "ரஞ்சிதா." அண்ணாந்து பார்த்து, "நன்றிங்க சாமி" என்றார். அவசரமே இல்லை. ஒரு பெயரைக்கூட அவர் சேர்த்துப் படிக்கவில்லை. ஒவ்வொருத்தியும் வந்து நின்று, முகம் பார்த்து, நன்றி வாங்கிக்கொண்ட பிறகுதான் அடுத்த பெயர். எட்டாவது பெயருக்கு வரும்போது பூபதியும் கை கூப்ப ஆரம்பித்திருந்தார்.

கலைமணி ஓரமாக நின்று பார்த்தாள். இந்தப் பெண்களைப் போல நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் பன்னிரண்டு பேரை இந்தப் பக்கத்தில் எந்த மேடையிலும் அவள் பார்த்ததில்லை. அந்தப் பெருமையை அவளால் உள்ளே வைத்திருக்க முடியவில்லை. கண்ணில் வழிந்தது, துடைக்கவும் இல்லை.

"சென்னியம்மாள்."

பின்வரிசையிலிருந்து அந்தப் பெண் தயங்கித் தயங்கி வந்தாள். பத்தொன்பது வயது. "நான் ஆடவே இல்லீங்கய்யா. பெஞ்சுலதான் இருந்தேன்."

அர்த்தநாரி பேப்பரை மறுபடி பார்த்தார். "வாழ்த்திப் பேசுனயாமா சாமி? என்ன பேசுன?"

"கையைத் தூக்குங்கடி, கையைத் தூக்குங்கடின்னு கத்துனேனுங்க."

"கடைசி வரைக்குமா?"

"ஆமாங்க. தொண்டை போயிருச்சுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அர்த்தநாரி மட்டும் சிரிக்காமல், மற்றவர்களுக்குச் செய்தது போலவே கை கூப்பினார். "நன்றிங்க சாமி." பிறகு கண்ணாடியைக் கழற்றி, பேப்பரைச் சின்னுசாமியின் கையில் கொடுத்தார். அதில் இருந்த பெயர்களையும் எதிரே நின்ற முகங்களையும் சின்னுசாமி மாறி மாறிப் பார்த்தார். கணக்கு வழக்கில் கறாரான மனிதர், அதிகம் பேசாதவர். சென்னியம்மாளிடம் வந்து நின்றார்.

"எந்த ஊரு கண்ணு?"

"எடப்பாடிப் பக்கமுங்க."

"ம்" என்றார். கலைமணியின் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, அடுத்த வருசம் இந்தப் புள்ளையையும் எறக்கி விடோணும். சும்மா உக்கார வெக்கப்படாது."

"அடுத்த வருசமா!" என்று அனிதா வீறிட்டுக் கத்தினாள்.